நடுவில் விட்டுப்போன படி

ஜனவரி 8

சின்னவளுக்கு அண்ணி எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். உன் இருமல் விட்டதா? மரம் அறுக்கும் பட்டறைக்கு மேலே அறை எடுத்தால் இருமல் வராமல் வேறு என்ன வரும்? அப்போதே சொன்னேன். அண்ணி சொல்லி நாத்தனார் கேட்டதாக எந்த ஊரிலும் கதை இல்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கைப் படிப்படியாகப் போடப் பழக்கப்போகிறாய் என்று புரிந்துகொண்டேன். முதலில் கொடுத்தது என்ன என்று எழுத வேண்டும், அடுத்து கேட்டது என்ன என்று எழுத வேண்டும், அதற்குப் பிறகு படம், வழி, செய்முறை, கடைசியில் சரிபார்த்தல். செய். ஆனால் நான் பள்ளியில் இருந்தவரை கணக்கை இரண்டு தரம் வாசி, கண்ணை மூடு, விடையைச் சொல் என்றுதான் பழக்கினேன். கான்வென்ட்டில் எனக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் அப்படித்தான் என்னைப் பழக்கினார். மூக்கைத் தொடத் தலையைச் சுற்ற வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதைச் சொல்லிவிடுவது என் வழக்கம், அது உனக்குத் தெரியும்.

இருந்தாலும் நீ தயாரிக்கிற பயிற்சித் தாள்களை எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன். உன் அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. சிவப்பு மைப் பேனா காய்ந்துவிடப்போகிறது.

கண் டாக்டரிடம் போய் வந்தேன். என் இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல்தான். இத்தனை காலம் வேலை செய்தது வலது கண். அதில் இப்போது புரை விழுந்திருக்கிறது. அறுவை செய்து கட்டுப் போட்டால் மங்கல் கண் ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வேளைக்கு வேளை யாராவது சொட்டு மருந்து விட வேண்டும்.

“கூட யார் இருப்பாங்கம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“நானே இருப்பேன்.”

“உங்க கூட நீங்களே எப்படிம்மா இருப்பீங்க?”

“ரெண்டு வருஷமா அப்படித்தான் இருக்கேன், டாக்டர்.”

அவர் சிரித்தார். ஆனால் கூட ஆள் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புரையை முற்றவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுமாம். அப்படி ஏறிவிட்டால் பிறகு அறுத்தும் பிரயோசனம் இல்லையாம். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது உனக்குச் செய்திக்காக மட்டும்.

தொலைபேசியில் கூப்பிடாதே. பேச்சைத் திருத்த முடியாது.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 21

அண்ணிக்கு வணக்கம்.

இருமல் பரவாயில்லை. பட்டறைக்காரர் காலையில் அறுக்கத் தொடங்கும்போது சன்னலைச் சாத்திவிடுகிறேன். உங்களுக்கு மூட்டு வலி குறைந்ததா? மூன்று மாடி ஏறி இறங்கும்போது நின்று நின்று ஏறுங்கள். லிஃப்ட்டைச் சரிசெய்தார்களா?

அண்ணி, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுப் பேசினார். பக்கத்துப் பிரிவுக்குக் கணக்கு எடுக்கிறவரைப் பிள்ளைகள் மின்னல் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். எந்தக் கணக்குக்கும் குறுக்குவழி வைத்திருக்கிறார். கையைச் சொடுக்கினால் விடை வந்துவிடும். பெற்றோர் எல்லாம் அவர் பிரிவுக்கு மாற்றிக் கொடு என்று வந்து நிற்கிறார்கள். “உங்க பிள்ளைங்க ஒரு கணக்கு போடறதுக்குள்ள அவர் பிள்ளைங்க அஞ்சு போட்டுடறாங்க, டீச்சர்” என்றார் தலைமையாசிரியை. ஏப்ரல் கடைசியில் நடக்கும் ஆண்டுத் தேர்வுவரை எனக்குத் தவணை கொடுத்திருக்கிறார். என் பிள்ளைகள் பின்தங்கினால் இரண்டு பிரிவும் அவருக்குப் போகும். எனக்கு நூலகத்தில் ஒரு நாற்காலி.

என் வகுப்பில் அவசரக்குடுக்கை என்று ஒருத்தி இருக்கிறாள். நான் கணக்கை வாசித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அதுதான் தொல்லை. “படி எங்கே?” என்று கேட்டேன்.

“விடை வந்துடுச்சே டீச்சர், அப்புறம் படி எதுக்கு?”

“எப்படி வந்துச்சு?”

“வந்துச்சு.”

பூஜ்ஜியம் போட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மின்னல் மாஸ்டர் வகுப்பு வாசலில் போய் நின்றாள். போகட்டும் என்று விட்டேன். மணி அடிப்பதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் கண்ணை மூடி விடை சொல்வீர்கள் அண்ணி, அதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அது வராது. கணக்கைப் பார்த்ததும் கை நடுங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். “கொடுத்தது என்ன, அதை மட்டும் எழுது” என்று சொன்னால் நடுக்கம் நிற்கிறது. ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்த வரி எழுதக் கை போகிறது.

தாள் ஒன்று வைத்திருக்கிறேன், திருத்துங்கள். கண் அறுவையின்போது கூட ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
சின்னவள்


பிப்ரவரி 3

சின்னவளுக்கு அண்ணி எழுதுவது.

நலம். லிஃப்ட்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். மூட்டு வலி அதன் இடத்தில் இருக்கிறது, அதற்கும் எனக்கும் பழகிவிட்டது. நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

தாளைத் திருத்தி வைத்திருக்கிறேன். மூன்றாவது கணக்கில் வேலையாட்கள் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. கொடுத்ததை எழுதச் சொல்கிறவள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டாமா? ஏழாவது கணக்கில் “சுமார்” என்று எழுதியிருக்கிறாய். கணக்கில் சுமார் கிடையாது. பத்தாவதில் கோடு கோணல். அளவுகோல் வாங்கிக்கொள்.

மின்னல் என்பது பளிச்சென்று வரும், போய்விடும். மழை பெய்தால்தான் பயிர் விளையும். உன் தலைமையாசிரியையிடம் நான் இதைச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். எனக்கு உன் முறையில் இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை. ஆனால் அந்தக் கை நடுங்குகிற பிள்ளைகளைப் பற்றி நீ எழுதியதை நினைத்துக்கொண்டே இருந்தேன். என் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். கண்ணை மூடு என்று நான் சொன்னபோது அவர்களுக்கு வெறும் இருட்டுதான் தெரிந்திருக்கும்.

கண்ணுக்கு “வேண்டுமானால்” வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஏப்ரலுக்கு முன் நீ நகர்ந்தால் அந்த மனிதர் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. மேசை விளக்கைச் சன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறேன். குமிழ் பழையது, வெளிச்சம் போதவில்லை. மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு வணக்கம்.

சுகம்தானே? விளக்கு இப்போது சரியாக இருக்கிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் இல்லை. சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய அட்டை எழுதுகிறேன், கிழிக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன். கொடுத்தது, கேட்டது, இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எனக்கே பிடிபடவில்லை.

உங்கள் சிவப்பு மை வகுப்பில் பிரபலமாகிவிட்டது. “கணக்கில் சுமார் கிடையாது” என்பதைக் கரும்பலகையில் எழுதிவைத்தேன். இப்போது வருகைப் பதிவின்போது யாராவது தாமதமாக வந்து “கொஞ்ச நேரம்தான் டீச்சர் லேட்டு” என்றால், “கணக்குல கொஞ்சம் கிடையாது” என்று வகுப்பே கத்துகிறது.

ஆமை என்று இன்னொரு பிள்ளை. மெதுவாகத்தான் எழுதும், வாயே திறக்காது. அது நேற்று எழுந்து நின்று, “டீச்சர், இந்தக் கணக்குல என்ன கேட்டிருக்காங்கன்னே இல்லை” என்றது. பார்த்தால் உண்மைதான். பாடப்புத்தகத்தில் அச்சாகும்போது கடைசி வரி விடுபட்டிருக்கிறது. எல்லாம் கொடுத்திருக்கிறது, எதையும் கேட்கவில்லை. பாதி வகுப்பு அதற்குள் பெருக்கி வகுத்து விடை கண்டுபிடித்துவிட்டது. எதற்கு விடை என்று யாருக்கும் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இத்துடன் குழாய்க் கணக்குத் தாள் வைத்திருக்கிறேன். செய்முறையோடு இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சொன்னால் எனக்குத் தெம்பு.

கண் எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

சின்னவள்


மார்ச் 9

சின்னவளுக்கு அண்ணி.

நலம். உன் நலம் எழுது.

பதில் தாமதமானது. காகிதம் மலிவாகக் கிடைத்தது, நிறைய வாங்கிவிட்டேன். அதனால் எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப்போகிறேன்?

குழாய்க் கணக்குத் தாளைப் பார்த்தேன். பிழை இல்லை. நன்றாக இருக்கிறது.

விளக்குக் குமிழ் மாற்றினேன். கீழ் வீட்டுத் தையல்காரம்மா மாலையில் மேலே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். வாய் ஓயாது. பொழுது போகிறது.

தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய். வேறு எதிலும் மனத்தை விடாதே.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். எழுதிவிடுகிறேன். மனத்தில் வைத்துக்கொண்டால் எனக்கு இருமல் அதிகமாகும்.

குழாய்க் கணக்கை எடுத்து மறுபடி பாருங்கள். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? விடை இரண்டு மணி நேரம். அது சரி. நடுவில் என்ன எழுதியிருக்கிறது? மூன்றில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டினால் ஒன்பதில் இரண்டு என்று எழுதியிருக்கிறது. பாதி என்று வர வேண்டும். மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டிய தப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பு. அதை நான் வேண்டுமென்றுதான் எழுதினேன். அது பிள்ளைகள் பிழை கண்டுபிடிக்கிற தாள். அதன் மேல் வைக்கும் குறிப்பை உங்களுக்கு அனுப்ப மறந்துபோனேன். மறந்தால் என்ன, உங்கள் கண்ணில் படாமலா போகும் என்று இருந்தேன்.

வகுப்பில் அவசரக்குடுக்கை முதல் வரியைப் பார்த்தாள், கடைசி வரியைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள். “எல்லாம் சரி, டீச்சர்.”

ஆமைதான் எழுந்தது. “ஒத்தக் குழாயே மூணு மணி நேரத்துல நிரப்பிடுது. ஒன்பதுல ரெண்டுன்னா நாலரை மணி நேரம் ஆகும். ரெண்டு பேர் சேர்ந்தா வேலை லேட்டாவா ஆகும்?”

“விடை ரெண்டுன்னுதானே போட்டிருக்கு. அது சரிதானே. நடுவுல என்ன இருந்தா என்ன?” என்றாள் அவசரக்குடுக்கை.

வகுப்பு முழுவதும் அவள் மேல் பாய்ந்தது. அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அண்ணி? அதே நாள் சாயங்காலம் உங்கள் கடிதம். “பிழை இல்லை. நன்றாக இருக்கிறது.”

கோடு கோணல் என்று எழுதிய நீங்கள். சுமாரை அடித்த நீங்கள். தாளைப் படிக்காமலே எழுதிவிட்டீர்கள். என் முறை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். தலைமையாசிரியை என் தாள்களைப் படிப்பதில்லை, மின்னல் மாஸ்டர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். நீங்கள் ஒருவராவது படிக்கிறீர்கள் என்று இருந்தேன்.

சின்னவள்


மார்ச் 24

சின்னவளுக்கு,

நலம்.

படிக்காமல் எழுதினேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். இனித் தாள் அனுப்ப வேண்டாம். உன் இருமலுக்கு வெந்நீர் குடி.

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் நலத்தை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. கேட்டாலும் நலம் என்றுதான் எழுதுவீர்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கசக்கப் போனேன். கசக்கவில்லை. மேசையில் விரித்து, ஜனவரியிலிருந்து வந்த எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்தேன். பட்டறையில் அறுத்துக்கொண்டிருந்தார்கள், மேசையே அதிர்ந்தது. சுவர் அட்டையில் எழுதுகிற மாதிரி மேலே “கொடுத்தது” என்று எழுதினேன்.

ஒரே பக்கத்தில் இருபது விஷயத்தை அடக்குகிறவர் பக்கத்துக்கு நாலைந்து வரி எழுதுகிறார். காகிதம் மலிவு என்கிறார். மலிவு என்பதற்காக அண்ணி எதையும் வாங்கியதில்லை, அண்ணனையும் வாங்க விட்டதில்லை. பிப்ரவரியில் குமிழ் மாற்றினார். மார்ச்சில் மறுபடி மாற்றினார். எந்தக் குமிழும் மாதத்துக்குள் மங்காது. சிவப்பு மை இல்லை. வாசற்படி தாண்டி யாரையும் உள்ளே விடாதவர் வீட்டில் தினமும் மாலை தையல்காரம்மா. கடைசிக் கடிதத்தில் “அனுப்ப வேண்டாம்” என்பது “நினைத்துக்கொள்” என்பதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு வரியின் மேல் இன்னொரு வரி. எரிச்சலில் எழுதிய எழுத்து என்று நான் நினைத்தேன்.

பிறகு ஒன்பதில் இரண்டு.

இவ்வளவும் கையில் இருந்தது. நான் என்ன செய்தேன்? விடையை முதலில் எழுதிவிட்டேன். அண்ணிக்கு என் வேலையில் மதிப்பில்லை என்று. கொடுத்ததைப் பார்க்கவே இல்லை. அவசரக்குடுக்கைக்குப் போட்ட பூஜ்ஜியத்தை என் பெயருக்கும் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வரியில் “கேட்டது” என்று எழுதினேன். அங்கே பேனா நின்றுவிட்டது. நீங்கள் எதையும் கேட்கவில்லை அண்ணி. ஆமை கண்டுபிடித்த பாடப்புத்தகக் கணக்கு மாதிரி, எல்லாம் கொடுத்திருக்கிறீர்கள், கடைசி வரி இல்லை. அது என் குற்றம்தான். வருகிறேன் என்று எழுதாமல் “வேண்டுமானால்” என்று எழுதினேன். கேட்கிற வேலையை உங்கள் தலையில் கட்டினேன். வாய் திறந்து கேட்காதவர் தலையில் கட்டினேன் என்று எனக்குத் தெரியாதா?

ஏன் அப்படி எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் போனபோது நான் தங்குகிறேன் என்றேன். “என்னைப் பாத்துக்க எனக்குத் தெரியும், நீ போய் உன் பிள்ளைங்களைப் பாரு” என்று பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் வாசலில் அழைக்காமல் நிற்க எனக்குப் பயம். அண்ணனுக்குப் பிறகு மிச்சம் நாம் இரண்டு பேர்தான். நீங்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் யாருக்குச் சின்னவள்?

தேர்வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நேற்று எனக்குக் குரல் கட்டிவிட்டது. பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவசரக்குடுக்கை தானாக வந்து சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். “கொடுத்தது என்ன, சொல்லுங்க” என்றாள். ஒருத்தன் விடையைச் சொன்னான். “விடையைக் கேட்டனா? அவசரக்குடுக்கை மாதிரி பேசாதே” என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தேர்வன்று நான் வாசலில் நின்றாலும் அவர்கள் பேனாவை என்னால் பிடிக்க முடியாது. தலைமையாசிரியையிடம் விடுப்புக் கேட்டுவிட்டேன். “இப்பப் போனா வகுப்பு உங்களுது இல்லை, தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன்.

பெட்டி கட்டிவிட்டேன். பயணச்சீட்டு மட்டும் எடுக்கவில்லை. “கேட்டது” காலியாக இருக்கிறது. அதை நான் எழுத முடியாது.

சின்னவள்


ஏப்ரல் 6

சின்னவளுக்கு அண்ணி எழுதுவது. கை என்னுடையது இல்லை. நான் சொல்லச் சொல்லத் தையல்காரம்மா எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளைச் சேரும். நலம் என்று தொடங்கச் சொன்னாள். நீ அதை எடுத்துவிட்டாய், ஆகவே தொடங்கவில்லை.

முதலில் குழாய்க் கணக்கு. அந்தத் தாளை நான் படிக்கவில்லை என்பது உண்மை. படிக்க முடியவில்லை என்பது அதைவிட உண்மை. இவளை வாசிக்கச் சொன்னேன். கணக்கை வாசித்தாள். “விடை ரெண்டு மணி நேரம்” என்றாள். கண்ணை மூடிப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. பிழை இல்லை என்று எழுதினேன். உன் கோபக் கடிதம் வந்த பிறகு அந்தத் தாளை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

“நடுவுல ஏதோ எழுதியிருக்கே, அதை ஏன் அன்னிக்கு வாசிக்கலை?” என்று கேட்டேன்.

“நடுவுல எல்லாம் வெறும் கணக்குதானேம்மா. கேள்வியும் பதிலும் போதாதா?”

உன் அவசரக்குடுக்கைக்கு இங்கே ஓர் அக்கா இருக்கிறாள். இதையும் எழுதணுமா என்று கேட்கிறாள். எழுது என்றேன். எழுதுகிறாள், முகம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வாசிக்க முடியவில்லை என்று உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று எழுதவில்லை. அது ஒரு காரணம். எழுதினால் நீ வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு காரணம். எது பெரியது என்று என்னைக் கேட்காதே.

உன் போன வாரக் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும் என்று சொல்லி இவளை உட்காரவைத்தேன். பெட்டியைக் கையில் கொடுத்தேன் என்று நீ எழுதிய இடத்தில் இவள் நிறுத்தினாள். “நீங்க அப்படியாம்மா சொன்னீங்க?” என்றாள். வாசிக்கிற வேலையை மட்டும் பார் என்றேன். பிறகு அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

நீ போகக்கூடாது என்று அன்று எனக்கு இருந்தது. நீ படியிறங்கின சத்தம் நிற்கிறவரை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இது உன் “கொடுத்தது” பட்டியலில் இல்லை. சேர்த்துக்கொள்.

நேற்றுத் தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். அழுத்தம் ஏறத் தொடங்கிவிட்டது என்றார். இனித் தள்ள முடியாது, இந்த மாதம் இருபதாம் தேதி என்று சொல்லிவிட்டார். நர்ஸ் வந்தாள்.

“கூட யாரும்மா இருக்கப்போறாங்க?”

“என் நாத்தனார்.”

“நாத்தனாரா?” என்று ஒரு மாதிரி இழுத்தாள். உலகத்தில் எல்லாரும் நாத்தனாரைப் பற்றி ஒரே கதையைத்தான் கேட்டிருக்கிறார்கள். “வந்துடுவாங்களாம்மா?”

“வருவா.”

“கேட்டுட்டீங்களா?”

“எழுதிக்கோம்மா” என்றேன். அவள் உன் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விடையை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். கொடுத்ததை நீ எழுதினாய், விடையை நான் எழுதினேன். நடுவில் இருக்க வேண்டியது இல்லை. படி இல்லாத விடைக்கு நீ மதிப்பெண் போடுவதில்லை. போடவும் கூடாது. உன் முறையில் எனக்கு முழுச் சம்மதம் வந்துவிட்டது என்று உன் தலைமையாசிரியையிடம் சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரிபார்த்தலும் செய்தேன். உனக்கு வகுப்பு போய்விடும். எனக்குக் கண் போகாமல் இருக்கலாம். இந்தக் கணக்கு நியாயமாக வரவில்லை. எத்தனை தரம் போட்டாலும் வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. உன் ஆமை சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, இரண்டு பேர் சேர்ந்தால் வேலை தாமதமாகவா ஆகும் என்று.

இனித் தையல்காரம்மா பேனாவை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். அட்டைப்பெட்டியில் எழுதுகிற தடித்த பேனா வாங்கி வைத்திருக்கிறேன். கோட்டுக்கு அடியில் அளவுகோலை வைத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். விட்டுப்போன படியை அடுத்தவர் கையால் எழுதக்கூடாது.

கேட்டது:

சின்னவளே, வருவாயா?

உன் அண்ணி